நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் ஓட்டம்

புன்னைமுனைக்காரர்கள் எதற்கும் அவ்வளவு சுலபமாக அசந்துபோகிறவர்கள் அல்லர்; திமிங்கிலம் ஒன்று வழிதவறி வந்து ஏலக்கூடத்து வாசலில் ஒதுங்கியபோதுகூட அது எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார்களே தவிர, ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே கார்த்திகைப் புயலில் காணாமற்போன சலேத் மாதா என்ற படகு கடலிலும் இல்லாமல் கரையிலும் இல்லாமல் மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று டெல்பின் மூச்சிரைக்க வந்து சொன்னபோது, அந்தப் படகை ஓட்டிப்போன சிலுவையின் மனைவி லூர்தம்மாள் கையிலிருந்த மீனைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டு, "சாப்பிட்டாவளாட்டி?" என்றுதான் கேட்டாள்.

டெல்பின் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். பழைய வலைக் கிட்டங்கியில் இரும்பு அலமாரிக்குள் சர்வரை வைத்து, அதற்கு முன்னால் ஒரு மின்விசிறியையும் மாதா படத்தையும் வைத்து, பன்னிரண்டு வருஷமாக அந்த அறையைக் கட்டி ஆள்பவள். அவள் எழுதிய ஸ்கிரிப்டுகள் இரண்டு அந்த ஊரின் உயிர். ஒன்று படகுக்கானது: படகு கிளம்பும்போது அதன் பெயரையும் ஆள் கணக்கையும் அடித்துவிட்டால் அந்தப் படகுக்கென்று ஓர் ஓட்டம் தொடங்கும், மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் கண்விழித்துப் படகை ஒருமுறை கூப்பிடும், மறுபடி உறங்கிப்போகும், படகு திரும்பி வந்ததும் முடியும். மற்றொன்று எச்சரிக்கை: அது எப்போதும் உறங்கிக்கொண்டே இருக்கும், வானிலைக்காரர்களிடமிருந்து புயல் செய்தி வந்த உடனே எழுந்து கடலில் இருக்கிற எல்லாப் படகுகளின் வயர்லெஸ்ஸிலும் சத்தம் போடும்.

இனிமேல் சொல்லப்போவது டெல்பினுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அந்தக் கார்த்திகை வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு மெஷின் மந்தமாக இருக்கிறதே என்று அவள் ஓடுகிறவற்றின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அதில் பெயரும் ஊரும் இல்லாமல் ஏதோ ஒன்று பதினோரு நாளாக வெறுமனே உறங்கிக்கொண்டிருந்தது. தான் எப்போதோ சோதனைக்கு ஓடவிட்டு மறந்ததாக இருக்கும் என்று நினைத்தாள். முதலில் மரியாதையாகத்தான் சொன்னாள். எந்த ஓட்டத்தையும் நிறுத்துவதற்கு முன்னால், உன் சாமான்களை எடுத்து வைத்துவிட்டுப் போ என்று சொல்லும் ஓர் ஆணை உண்டு. அது காதில் வாங்கவில்லை. உறங்குகிறவற்றுக்கு அந்த ஆணை எழுந்த பிறகுதான் காதில் விழும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அன்றைக்கு அவசரம். ஒன்பது என்று ஓர் எண் இருக்கிறது, அதைப் போட்டால் கேள்வியும் கிடையாது, பதிலும் கிடையாது, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஒன்பதைப் போட்டாள். போனது எச்சரிக்கை.

மதியம் இரண்டு மணிக்குப் புயல் செய்தி வந்தபோது அதைக் கேட்டு எழுந்து சத்தம் போட ஒருவரும் இல்லை. பக்கத்தில் நின்ற படகுகள் வானத்தைப் பார்த்துத் தாமாகத் திரும்பிவிட்டன. தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சலேத் மாதா திரும்பவில்லை. நாலு மணிக்கு டெல்பினுக்குப் புரிந்தது; ஒவ்வோர் எழுத்தாக அடித்து எச்சரிக்கையை மறுபடி ஓடவிட்டாள், எல்லாப் படகும் பதில் சொன்னது, அது ஒன்றைத் தவிர. அதில் இருந்தவர்கள் நாலு பேர்: சிலுவை, மேலத்தெரு அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்புறம் டெல்பினின் ஒரே தம்பி தொபியாஸ். அம்மா போன பிறகு டெல்பின் சோறு ஊட்டி வளர்த்த தம்பி.

ஒன்பது நாள் தேடினார்கள். பத்தாம் நாள் மழையில் மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, சர்வர் இரண்டு நாள் இருட்டில் கிடந்தது. மின்சாரம் வந்து அவள் அதைத் தட்டி எழுப்பியபோது பட்டியலில் எல்லாமே புதிதாகப் பிறந்திருக்க வேண்டும், அதுதான் முறை, அணைத்தால் எல்லாம் போய்விடும். எல்லாம் போய்த்தான் இருந்தது. ஆனால் பட்டியலின் நடுவில் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு என்ற எண்ணில் சலேத் மாதா இருந்தது. தொடங்கிய நாள் கார்த்திகைச் செவ்வாய், ஆள் நாலு, நிலை உறக்கம். மெஷின் பிறந்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது, அதற்குள் ஓடுகிற படகுக்கோ பதினாலு நாள் வயது. டெல்பின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தாள். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் லூர்தம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து ஊருக்கு ஒரு புது வேலை வந்தது. காலை ஒன்பது மணிக்கு அந்த ஓட்டம் கண்விழிக்கும் என்பதால் எட்டரைக்கே பெண்கள் கிட்டங்கிக்கு வந்துவிடுவார்கள், தலைவாரிப் பூவைத்து, ஆஸ்பத்திரிக்குப் பார்வை நேரத்தில் போகிறவர்கள் மாதிரி கையில் தூக்குச்சட்டியோடு வருவார்கள், டெல்பின் கறுப்புத் திரையில் பட்டியலை எடுப்பாள், அவர்கள் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழைத் தேடி விரல் வைப்பார்கள். எஸ் என்ற எழுத்து இருந்தால் உறக்கம், ஆர் என்ற எழுத்து வந்தால் விழிப்பு. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத, அந்த அண்ணன் தம்பியைப் பெற்ற மேலத்தெருத் தாய்கூட இரண்டே நாளில் அந்த இரண்டு எழுத்தைப் படித்துக்கொண்டாள். "முழிச்சிட்டாவ, முழிச்சிட்டாவ" என்று அவள்தான் முதலில் சத்தம் போடுவாள், உடனே எல்லாரும் ஆளாளுக்குத் திரையைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள், வீட்டுக் கூரை மாற்றியாயிற்று என்று ஒருத்தி, ஆடு குட்டி போட்டது என்று இன்னொருத்தி, அதற்குள் ஆர் போய் எஸ் வந்துவிடும், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போவார்கள்.

ஊரின் மற்ற காரியங்களும் இதற்கு ஏற்றபடி நகர்ந்து கொடுத்தன. முப்பதாம் நாள் பூசை வைப்பதா என்ற கேள்வி வந்தபோது பங்குச்சாமி இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கண்விழிக்கிற மனுஷனுக்கு மரித்தோர் பூசை வைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று சொல்லி, நாலு பெயரையும் பயணம் போகிறவர்களுக்கான ஜெபத்தில் சேர்த்துவிட்டார். முடிதிருத்துகிறவர் சிலுவையின் மாதாந்திர முறையை வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை. ரேஷன் கடையில் நாலு பேருக்கும் அரிசி அளந்தார்கள். தொபியாஸுக்கும் கீழத்தெரு ஜெனோவாவுக்கும் கோவிலில் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகியிருந்தது, மூன்று ஞாயிறு அறிவித்தால்தான் கல்யாணம், மூன்றாம் ஓலை வாசிக்கும் முன்னால்தான் அவன் கடலுக்குப் போனான். அந்த மூன்றாம் ஓலையை வாசிக்கலாமா கூடாதா என்று பங்குப் பேரவையில் கைகலப்பு வரைக்கும் போய், கடைசியில், மாப்பிள்ளை விழித்திருக்கிற நேரத்தில் வாசித்தால் செல்லும் என்று முடிவாகி, ஞாயிறு ஒன்பது மணிப் பூசையில் வாசித்தார்கள். ஜெனோவா வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தைப் பார்த்த டெல்பின் பூசை முடியும் முன்னாலேயே எழுந்து கிட்டங்கிக்குப் போய்விட்டாள்.

ஏனென்றால் ஊர் முழுக்க அவளைக் கொண்டாடியது. உன் கைராசிலதான் அவிய உயிரோட இருக்காவ என்று மேலத்தெருத் தாய் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்கள் கும்பிட்ட விரல்கள்தான் ஒன்பதைப் போட்ட விரல்கள் என்று சொல்லிவிட அவள் வாயைத் திறப்பாள், ஆனால் பட்டியலில் சலேத் மாதா ஓடுகிறது, அது ஓடுகிற வரைக்கும் அவள் யாரையும் கொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொள்வாள். தம்பி உறங்குகிறான், விழிக்கிறான், உறங்குகிறான். அவள் மட்டும்தான் உறங்கவில்லை.

மாசி பிறந்தபோது அந்த ஓட்டம் பெருக்க ஆரம்பித்தது. மெஷினின் நினைவில் ஒரு கைப்பிடி இடம் போதும் அதற்கு, அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். இப்போது அது வாரத்துக்கு வாரம் விரிந்தது, கால்வாசியைப் பிடித்தது, பாதியைப் பிடித்தது, எதை வைத்துக்கொண்டு அவ்வளவு இடம் பிடிக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்தால் நாலு என்ற எண்ணும் ஒரு படகின் பெயரும் தவிர ஒன்றுமே இல்லை. பெண்கள் சொன்ன சேதியெல்லாம் எங்கேயாவது போகத்தானே வேண்டும் என்றார்கள் சிலர். வைகாசியில் மெஷின் ஒரு கட்டளைக்குப் பதில் சொல்ல ஒரு வெற்றிலை போடும் நேரம் எடுத்தது. சங்கச் செயலாளர் குரூஸ் அண்ணன் நகரத்திலிருந்து புது சர்வரே கொண்டுவந்து இறக்கினார். அதைத் திறந்து, துடைத்து, மந்திரிக்காத குறையாக எழுப்பினார்கள். ஐந்து நிமிஷம் வெறும் பட்டியலாக இருந்தது. ஆறாவது நிமிஷம் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, போன மெஷினில் பிடித்திருந்த அதே அளவோடு. குரூஸ் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் அது நடந்தது. மதியம் ஒன்று பத்துக்குக் காற்று பற்றிய செய்தி வந்தது, எச்சரிக்கை எழுந்தது, எழுந்து சத்தம் போட மெஷினில் மூச்சு இல்லை. திணறித் திணறி அது படகுகளுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று ஐம்பது. பதினோரு படகும் கரைக்கு வந்துவிட்டன, ஒருவனுக்குக் கை முறிந்ததோடு போயிற்று. ஆனால் நாற்பது நிமிஷம் என்றால் என்னவென்று புன்னைமுனையில் குழந்தைக்கும் தெரியும். மறுநாள் ஒன்பது மணிக்குக் கிட்டங்கிக்கு வேறு பெண்கள் வந்தார்கள், கடலில் இப்போது ஆள் இருக்கிற பெண்கள். கை முறிந்தவனின் மனைவி லூர்தம்மாளை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"எக்கா, ஒங்க ஆளுவ ஓடுததுக்கு எங்க ஆளுவ சாவணுமா?"

இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்கள், ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி பால் கொடுத்திருக்கிறாள். கேட்டவளே அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, விழிப்பு நேரம் முடிந்து எல்லாரும் போன பிறகு, லூர்தம்மாள் மட்டும் போகாமல் இருந்தாள். முக்காலியை இழுத்து டெல்பின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"முடிக்கணும்னா எப்படி முடிப்ப?"

டெல்பின் திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "படகு திரும்பினா எத்தன பேரு வந்தாவன்னு கேக்கும் மயினி. போன கணக்கும் வந்த கணக்கும் சரியா இருந்தாத்தான் முடியும். ஒரு ஆளு கொறஞ்சாலும் முடியாது, அந்த ஆளுக்காவ காத்துக்கிட்டே கெடக்கும். நாந்தான் அப்படி எழுதினேன். ஒருத்தரையும் கடல்ல விட்டுட்டு முடிஞ்சிரக் கூடாதுன்னு எழுதினேன்."

"அப்ப நாலுன்னு அடிச்சா?"

"முடிஞ்சிரும்."

லூர்தம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு எதையோ எண்ணுவது மாதிரி அசைந்தது. "வேண்டாம். வராத மனுசன வந்தாச்சுன்னு எழுதாத. அவரு ஒருநாளும் பொய்க்கணக்குச் சொல்லிக் கரையேறினவரு கெடையாது. வேற வழி?"

"ஒண்ணு இருக்கு. ஒன்பதுன்னு. கேள்வி கேக்காம முடிக்கது."

"அதப் போடு. ரெண்டு படகு நங்கூரம் சிக்கிக்கிட்டா அவரு தன் கயித்தத்தான் மொதல்ல அறுப்பாரு. இருந்தா அவரே சொல்லியிருப்பாரு."

டெல்பின் கையை விசைப்பலகையில் வைத்தாள், எடுத்தாள், மடியில் வைத்துக்கொண்டாள். போட வேண்டியதுதானே, யாருக்குத் தெரியப்போகிறது, போட்டுவிட்டு எழுந்துபோனால் சாகிற வரைக்கும் ஊர் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். ஆனால் முதல் ஒன்பதை மறைத்துவைத்துக்கொண்டு இரண்டாம் ஒன்பதைப் போட அந்த விரல்கள் மறுத்துவிட்டன. அவள் சொன்னாள். எதையும் குறைக்காமல், பெயரில்லாமல் உறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தது, மரியாதையாகச் சொல்லிப் பார்த்தது, அவசரப்பட்டது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தன மணிக்கு?" என்றாள் லூர்தம்மாள்.

"பத்தேகாலுக்கு மயினி."

"பத்தேகாலுக்கு நான் கருவாடு காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்." தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு மணிக்குச் சத்தம் போட்டிருந்தா வந்திருப்பாவளா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடல் விஷயம், யார் கண்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாசமாகத் தினமும் படகின் வேகத்தையும் காற்றின் வேகத்தையும் போட்டுப் போட்டுப் பார்த்தவளுக்கு அந்தப் பதில் மனப்பாடமாக இருந்தது.

"வந்திருப்பாவ மயினி. அஞ்சரைக்குள்ள கரை சேந்திருப்பாவ."

லூர்தம்மாள் அடிக்கவில்லை. சாபம் கொடுக்கவில்லை. அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டெல்பின் அதற்கப்புறம் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள். லூர்தம்மாள் முக்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள், ஒரு கை அகலம்தான். பிறகு சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள், கோவிலுக்குள் நுழையும்போது போடுவது மாதிரி.

"இப்ப என்ன செய்யுதாவ?"

டெல்பின் பட்டியலை எடுத்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. "உறங்குதாவ."

"நாலு பேருமா?"

"நாலு பேரும்."

"அப்ப உறக்கத்திலயே முடி. முழிக்கவிடாத. முழிச்சா அவருக்கு ஒடனே பசிக்கும்."

டெல்பின் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழை அடித்தாள். அதற்கு முன்னால் ஒன்பதை அடித்தாள். தம்பி, தம்பி என்று வாய்க்குள் சொன்னாள். சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கு எழுப்பும்போது இப்படித்தான் சொல்வாள், இரண்டு தரம் சொல்வதற்குள் எழுந்துவிடுவான். இப்போது அவன் எழுந்துவிடக் கூடாதே என்று சொன்னாள். பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை, வெளிச்சம் வரவில்லை, ஓசை வரவில்லை. பட்டியலை மறுபடி எடுத்தபோது கீழே இருந்த வரிகள் ஒரு வரி மேலே ஏறியிருந்தன. மெஷின் சுறுசுறுப்பாக இருந்தது. லூர்தம்மாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குள் இருந்த சோறு அன்றைக்குச் சமைத்தது.

மாலைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, இரண்டு ஒன்பதுகளும். படகோட்டிகள் வழக்கம்போல் கிட்டங்கி வாசலில் வந்து நின்று அஞ்சு பேர் போனோம், அஞ்சு பேர் வந்தோம் என்று கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. அவளை வேலையைவிட்டு நிற்கச் சொல்லவும் இல்லை. இனி அவளைப்போல் கவனமாகப் பார்க்கிறவள் கிடைக்கமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். புன்னைமுனைக்காரர்கள் அந்த மாதிரி விஷயத்தில் கெட்டிக்காரர்கள்.

புதன்கிழமை மரித்தோர் பூசை நடந்தது. கோவில் நிறைந்து, வெளியே மணலிலும் ஆட்கள் நின்றார்கள். எட்டு மாசத்துக்கும் சேர்த்து அழுதார்கள். பூசை முடிந்து பங்குச்சாமி பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சக்ரீஸ்து அறையில் மரணப் பதிவேட்டைத் திறந்து, நாலு பெயரையும் வரிசையாக எழுதி, நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிவிட்டார். கார்த்திகை வியாழன் என்று போடுவதுதானே முறை என்று இழுத்தார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"இல்ல சாமி," என்றாள் லூர்தம்மாள். "திங்கக்கிழமன்னு போடுங்க. காலைல பதினொண்ணு இருவது."

"அதெப்படிம்மா..."

"அன்னைக்கே செத்துட்டாவன்னா இத்தன மாசம் நான் யாருக்குச் சோறு கொண்டுபோனேன்?"

பங்குச்சாமி பேனாவை மறுபடி பதிவேட்டில் வைத்தார். திங்கட்கிழமை என்று எழுதினார், மணியையும் எழுதினார். அடுத்த கட்டம், கடைசி நேரத்தில் கூட இருந்தவர். அவர் நிமிர்ந்து பார்த்தார். லூர்தம்மாள் திரும்பி, கதவோரத்தில் யாரும் பக்கத்தில் நிற்காமல் தனியாக நின்ற டெல்பினை எட்டு மாசத்தில் ஒருநாளும் பார்க்காதவள் மாதிரி பார்த்தாள். அதன்பிறகு சாகும்வரை அவள் டெல்பினோடு பேசவில்லை, அன்றும் பேசவில்லை, வழியைவிட்டு ஒதுங்கி மட்டும் நின்றாள். டெல்பின் மேசைக்கு வந்தாள். சிலுவையின் வரியில் கையெழுத்துப் போட்டாள், அண்ணன் தம்பி இருவரின் வரிகளிலும் போட்டாள். நாலாவது வரியில் தொபியாஸின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பங்குச்சாமி பதிவேட்டைத் திருப்பி, உறவுமுறை என்ற கட்டத்தை விரலால் காட்டினார். அவள் குனிந்து, அக்கா என்று எழுதினாள்.